வாழவந்திக்கு வாழ வந்தவர்

நாமக்கல் கோட்டையின்மேல் ஏறி நின்று வடகிழக்கே நோக்குவோர்க்குக் கொல்லிமலை ஒரு நீலச் சுவர்போல் தோன்றும். சேந்தமங்கலத்து உழவருக்கு அது மழைக்குறி சொல்லும் மலை. இராசிபுரத்தார்க்கு அது கிழக்குத் திசையின் எல்லை. தமிழ் கற்றோர்க்கோ அது வல்வில் ஓரியின் மலை. பரணரும் கபிலரும் பாடிய மலை. காண்பாரை மயக்கி உயிர் கவரும் கொல்லிப்பாவை நின்ற மலை. நம் வட்டத்துக் கவிஞருள் அம்மலையைப் பாடாதவர் அரியர். பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் பாவையின் எழிலைப் பற்றி எத்தனையோ பாக்கள் அரங்கேறியுள்ளன.

ஆயின் அம்மலையில் நின்ற பாவையைப் பாடிய நாம், அம்மலையில் நடந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஒருமுறையேனும் பேசியதில்லை. அவர் கல்லால் ஆனவர் அல்லர். கதையில் பிறந்தவரும் அல்லர். முப்பத்து நான்காம் வயதில் மணப்பெண்ணாக மலையேறி, தொண்ணூற்றைந்தாம் வயதில் அம்மலையிலேயே அடங்கியவர். அவருடன் நடந்தவர் அவர்தம் கணவர். இருவரும் சேர்ந்து நடந்தது பதினாறு ஆண்டுகள். அவர் மட்டும் தனித்து நடந்தது நாற்பத்தைந்து ஆண்டுகள். ஈவிலின் பிராண்ட் என்னும் அவ்வம்மையாரின் வாழ்வையும், ஜெசி பிராண்ட் என்னும் அவர் துணைவரின் வாழ்வையும் இணைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த இருவர்

ஈவிலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் செல்வ வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். உடன்பிறந்தார் பலர். பட்டும் சரிகைப் பின்னலும் இறகு சூடிய தொப்பியுமாக வளர்ந்தவர், ஓவியம் பயின்றவர். அக்காலச் செல்வர் குடிப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு ஒன்றே. அழகிய கூடத்தில் அமர்ந்து விருந்தினரை வரவேற்பதும், மாலையில் உலாவி வருவதுமே அது. அவ்வாழ்வு அவருக்குப் போதவில்லை.

ஜெசி மான் பிராண்ட் 1885ஆம் ஆண்டு கில்ட்ஃபோர்டு நகரில் பிறந்தவர். ஈவிலினை விட ஆறாண்டு இளையவர். வெப்பநாடுகளுக்குச் செல்லும் சமயப் பணியாளர்க்கென இலண்டனில் இருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றார். பின்னர் 1907ஆம் ஆண்டு பாப்திஸ்து சபைப் பணியாளராக இந்தியா வந்து, அன்றைய சேலம் மாவட்டத்தில் அமர்ந்தார். சமவெளியில் இருந்துகொண்டே அவர் கண்கள் மலையை நோக்கின. மேலே வாழும் மலையாளி மக்கள் காய்ச்சலால் மடிவதும், மருத்துவம் நாடி அங்கே ஏறுவார் இல்லாமையும் அவர் உள்ளத்தை உறுத்தின. அவர் அம்மலையைப் பற்றிப் பேசக் கேட்டதே ஈவிலினின் மனத்தை இந்தியாவின்பால் திருப்பியது என்பர். 1911ஆம் ஆண்டு, தந்தையின் தயக்கத்தையும் மீறி, அவர் சென்னைக்குக் கப்பலேறினார்.

இருவரையும் அழைத்துவந்தது சமயப் பற்று. அதனை மறைத்துக் கூறின் அது வரலாறு ஆகாது. அப்பற்றில் உடன்படுவோரும் உடன்படாதோரும் நம்மிடையே உளர். ஆயினும் அந்நம்பிக்கையைத் தாங்கிச் சென்ற கால்கள் எப்படி நடந்தன என்பதைக் காண்பதற்கு எவர்க்கும் தடையில்லை.

மழையில் ஒரு மணப்பயணம்

1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சேந்தமங்கலத்தில் அவர்கள் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு வயது 34; மணமகனுக்கு 28. மணம் முடிந்ததும் தேனிலவுக்கென அவர்கள் குளிர்நகர் எதற்கும் செல்லவில்லை. நேரே தம் புதுமனைக்குப் புறப்பட்டனர். அம்மனை கொல்லிமலையின் மேலே, வாழவந்தி நாட்டில் இருந்தது.

இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே மேலே சென்றுவிடுகிறோம். அன்று மலைக்குச் சாலை இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குத் தொடர்வண்டிகூட 2013ஆம் ஆண்டில்தான் வந்தது என்றால், நூறாண்டுக்கு முன்னிருந்த நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரம் வரை வண்டிப்பாதை. அதற்குமேல் ஒற்றையடிப் பாதை. மணப்பெண் டோலியில் ஏற, மணமகன் நடந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. இடியும் இருளும் வழுக்குப் பாறைகளுமாக நீண்டது அப்பயணம். மணவாடை சேற்றில் தோய்ந்து குலைய, நனைந்து நடுங்கியவராய் ஈவிலின் தம் இல்லம் சேர்ந்தார்.

சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு என்றொரு துறை உண்டு. தலைவி சுற்றத்தையும் செல்வமனையையும் துறந்து, தலைவனுடன் அரிய வழியில் நடந்து செல்வாள். அவ்வழி பெரும்பாலும் பாலை. வெயிலும் பரற்கல்லும் நிறைந்தது. ஈவிலின் நடந்ததோ மழை பெய்யும் குறிஞ்சி. நிலம் வேறாயினும் துறை ஒன்றே எனலாம். அவர்கள் சென்று சேர்ந்த ஊர்ப்பெயரும் எண்ணி மகிழத்தக்கது. வாழவந்தியில் வாழ வந்தவர் ஆனார் அவர்.

கறையானை வென்ற வீடு

அவ்வீடு ஜெசியின் கைத்திறம். பலகையும் தளவாடமும் ஆட்களின் தலைச்சுமையாகவே மலையேறின. கொல்லிமலையில் மரவீடு கட்டுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய பகை கறையான். ஆதலால் வீடு முழுவதையும் கற்றூண்களின்மேல் ஏற்றி, ஒவ்வொரு தூணின் உச்சியிலும் தட்டைக் கவிழ்த்தாற்போல் தகரத் தகடு பொருத்தினார். தூண் வழியே ஏறிவரும் கறையான் அத்தகட்டின் விளிம்பைத் தாண்டி மேலே செல்ல இயலாது.

இலண்டன் மாளிகையில் வளர்ந்தவர்க்கு அச்சிறு மரவீட்டில் நாள்தோறும் ஒரு புதுமை காத்திருந்தது. விடியலில் வாயிற்படியில் நோயாளர் வரிசை இருக்கும். பல்வலியோடு பத்துக் கல் நடந்து வந்தவர் ஒருவர்; புண்பட்ட காலோடு மகன் தோளில் வந்த முதியவர் ஒருவர். ஜெசி பல் பிடுங்குவார். ஈவிலின் பாத்திரம் ஏந்துவார். பிற்பகலில் இருவரும் அடுத்த ஊருக்கு நடப்பர். திரும்புகையில் இருட்டிவிடும். தினையும் சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகளுக்கு ஊடே, கைவிளக்கின் ஒளியில், தாம் அன்று கற்ற புதிய தமிழ்ச்சொற்களை ஒருவர்க்கொருவர் சொல்லிப் பார்த்தவாறே அவர்கள் நடந்திருத்தல் கூடும் என எண்ண என் மனம் விழைகிறது. தமிழில் பேசாமல் அம்மலையில் ஒரு நாளும் கழிந்திராது அல்லவா?

1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மகன் பால் பிறந்தான். பின்னர் மகள் கான்னி பிறந்தாள். தந்தை மகனைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று கறையான் புற்றையும், மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானையையும் காட்டுவார். வீட்டைக் கறையானிடமிருந்து காத்த அதே மனிதர், அக்கறையானின் நகர அமைப்பைக் கண்டு வியக்கவும் மகனுக்குக் கற்பித்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கிணற்றுக்கு ஒரு சுவர்

மலைமக்களை வாட்டிய நோய்களுள் கொடியது நரம்புச் சிலந்தி. நூல்போன்ற நீண்ட புழு காலில் கொப்புளம் உண்டாக்கி, அதன் வழியே வெளிவரும். அதனைச் சட்டென இழுத்தால் அறுந்து உள்ளே சீழ்ப்பிடிக்கும். சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாகப் பல நாள் பொறுமையாக எடுத்தல் வேண்டும். ஜெசி இவ்வாறு சுற்றியெடுத்த புழுக்கள் பல. ஆயினும் புழுவைச் சுற்றுவதோடு அவர் மனம் அமையவில்லை. அது வரும் வழியை நாடியது.

வழி கிணற்றில் இருந்தது. மக்கள் நீரில் இறங்கி நின்று குடத்தை நிரப்புவர். புண்பட்ட கால் நீரில் படும்போது புழு தன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் நீரில் விடும். கண்ணுக்கெளிதில் புலப்படாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் அவை புகுந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து மீண்டும் காலில் புழுவாய் வெளிப்படும். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, நீரில் கால் படாமல் கயிறிட்டு இறைத்தால் இச்சுழற்சி அறும். இவ்வெளிய உண்மையை ஊர்தோறும் விளக்கி, சுவர் எழுப்ப வைப்பதில் கணவனும் மனைவியும் உழைத்தனர். இந்தியாவில் நரம்புச் சிலந்தி 1996ஆம் ஆண்டோடு நின்றது. 2000ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை அந்நோய் நீங்கிய நாடென அறிவித்தது. அப்பெருவெற்றிக்குப் பல்லாண்டு முன்னரே கொல்லிமலைக் கிணற்றோரத்தில் அடுக்கப்பட்ட கற்களை நாம் மறத்தல் ஆகாது.

பள்ளிகள் அமைத்தனர், தச்சுத் தொழிலும் பட்டுப்புழு வளர்ப்பும் கற்பித்தனர், கிச்சிலி மரங்கள் நட்டனர். ஆயினும் அவர்களது சமயத்தை ஏற்பார் ஆண்டுகள் பலவாகியும் அரிதாகவே இருந்தனர். ஊர்ப் பூசாரி ஒருவர் அவர்களை வெளிப்படையாகவே எதிர்த்தார். தம் மக்கள் தம் தெய்வங்களை மறப்பரோ என்னும் அச்சம் அவருக்கு இயல்பே.

பின்னர் 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. இந்திய நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அவ்வின்புளுயன்சா, மலையையும் விடவில்லை. ஊரார் ஒருவரையொருவர் அஞ்சி விலகினர். ஜெசியும் ஈவிலினும் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகச் சென்று, எழ இயலாதோர் வாயில் ஊட்டினர். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயிற் கிடந்தபோதும் அவ்வாறே சென்றனர். அவ்விருவரும் இறந்தனர். இறக்குமுன், தம் பச்சிளங் குழந்தையை அந்தப் பூசாரி ஒப்படைத்தது தாம் எதிர்த்த இவ்விருவரிடமே. அக்குழந்தை பிராண்ட் இல்லத்து மகளாய் வளர்ந்தது. கைவிடப்பட்ட குழந்தைகள் பலர்க்கு அவ்வில்லம் தாய்வீடானது அந்நாள் முதற்கொண்டே.

இன்னொரு நாள், தொழுநோயுற்ற அயலார் மூவர் படியேறி வந்தனர். பிள்ளைகளை வீட்டினுள் இருக்கச் சொல்லிவிட்டு, ஜெசி கையுறை அணிந்து அவர்தம் பாதங்களைக் கழுவிக் கட்டினார்; ஈவிலின் உணவு நிறைந்த கூடையைக் கொணர்ந்து வைத்தார். உள்ளிருந்து எட்டிப் பார்த்த சிறுவன் பால், அக்காட்சியின் அச்சத்தை ஆயுள் முழுதும் மறக்கவில்லை. அச்சிறுவனே பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்டாய் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை உலகுக்கு அளித்தார்.

பின்தங்கி வந்த மடல்

இவ்விருவர் வாழ்வில் நான் எளிதில் கடந்துபோக இயலாத இடம் ஒன்றுண்டு. 1923ஆம் ஆண்டு விடுப்பில் தாயகம் சென்றவர்கள், கல்வியின் பொருட்டு ஒன்பது வயது மகனையும் அவனுக்கு இளைய மகளையும் உறவினர் பொறுப்பில் இலண்டனில் விட்டுத் தாம் மட்டும் மலைக்குத் திரும்பினர். அயலார் குழந்தைகளைத் தழுவி வளர்த்த கைகள், தம் குழந்தைகளைத் துறைமுகத்துக்கு அப்பால் விட்டுவந்தன. அக்கால வெள்ளையர் பலரும் இவ்வாறே செய்தனர் என்பது விளக்கம்; அது தாயின் நெஞ்சுக்கு ஆறுதல் ஆகுமா என அறியேன். ஜெசி வாரந்தோறும் மகனுக்கு மடல் எழுதினார். மலையின் மரங்களையும் பறவைகளையும் மடலில் வைத்து அனுப்பினார். 1930ஆம் ஆண்டு மீண்டும் சென்று பிள்ளைகளைக் காண இருந்தனர்.

அவ்வாண்டு அவருக்கு வாய்க்கவில்லை. மலேரியாவின் முற்றிய வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் 1929ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் ஜெசி பிராண்ட் மலையிலேயே மறைந்தார். வயது 44. மலைமக்கள் சூழ்ந்து நிற்க மலைமண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தந்தி விரைந்து இலண்டன் சேர்ந்தது. கப்பலில் வந்த மடலோ பின்தங்கியது. தந்தை இறந்த செய்தியைக் கேட்ட பின்னர், அத்தந்தையின் கையெழுத்தில், மலையின் அழகைக் கூறும் மடல் பதினைந்து வயதை எட்டிய மகனை வந்தடைந்தது. அவர்கள் வாழ்வில் நேர்ந்த சிறு வியப்புகள் பலவற்றுள் இதுவே மிகக் கசப்பானது.

இருவரின் நடை, ஒருவரின் கால்

கொல்லிமலையின் உயரத்திலிருந்து நோக்கினால் பச்சைமலை, கல்வராயன், சித்தேரி முதலிய மலைகள் தொலைவில் தெரியும். அவ்வைந்து மலைகளுக்கும் சென்று பணி செய்வது என்பது கணவனும் மனைவியும் கண்ட கனவு. ஜெசி மறைந்தபோது ஒரு மலைதான் முடிந்திருந்தது. நான்கு மலைகள் எஞ்சின.

ஈவிலின் தாயகம் சென்று பிள்ளைகளைக் கண்டு, மீண்டும் திரும்பினார். சபையோ அவரைச் சமவெளிப் பணியில் அமர்த்தியது. ஆண்டுகள் பல சமவெளியிலிருந்து மலையை நோக்கியவாறே உழைத்தார். 1947ஆம் ஆண்டளவில், 68 வயதில், சபை விதிப்படி ஓய்வு பெற வேண்டிய காலம் வந்தது. அன்பர்கள் வழியனுப்பக் கூடினர். அவர் ஓய்வை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஊருக்குப் புறப்படவில்லை. இனி எச்சபைக்கும் கட்டுப்பட்டவள் அல்லேன் என்பதால், தாம் விரும்பிய மலைக்கே செல்லப்போவதாக அறிவித்தார். சிறு குடில் ஒன்றை அமைத்துக்கொண்டு கல்வராயன் மலையில் குடியேறினார். பிறர்க்கு வாழ்வு முடியும் வயதில், பாதியில் நின்ற உடன்போக்கை அவர் மீண்டும் தொடங்கினார்.

அதற்குப்பின் மலைமக்கள் கண்டது ஒரு பாட்டியை. மட்டக்குதிரையின்மேல் ஒரு மலைவிட்டு மறுமலைக்குச் செல்வார். குதிரை தள்ளிவிட்டது பலமுறை, எலும்பு முறிந்தது, இடுப்பு ஒடிந்தது. பின்னர் இரு கைகளிலும் மூங்கில் கோல் ஊன்றி நடந்தார். பெருமருத்துவராய்ப் புகழ்பெற்றிருந்த மகனே வந்து, இனிக் கீழே இறங்கி ஓய்வெடுக்குமாறு வேண்டிய போதும் அவர் இணங்கவில்லை. இவ்வுடலைக் காத்து வைத்து யாருக்கு என்ன பயன் என்பதே அவர்தம் எண்ணமாயிருந்தது. நரம்புச் சிலந்தியை ஒழிக்கும் பணியையும் கைவிடவில்லை. அடுக்கடுக்காய் ஆண்டுகள் சென்றன. ஐந்து மலைகளிலும் அவர் காலடி பதிந்தது.

முதுமையின் கடைசி இருபதாண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை என அவர் மகன் எழுதியுள்ளார். வெயிலும் காய்ச்சலும் உழுத முகத்தை, இலண்டனில் இறகுத் தொப்பி சூடிய அந்த ஓவியப் பெண் ஒருமுறையும் பார்க்க விரும்பவில்லை என்பதன்று; அதற்கு அவருக்கு நேரமில்லை என்றே கொள்ளத் தோன்றுகிறது. அவர் முகத்தை அறிந்திருந்தவர்கள் மலைமக்கள். அது போதும் என அவர் கருதினார் போலும்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், 95ஆம் வயதில் ஈவிலின் பிராண்ட் மறைந்தார். கொல்லிமலைமேல், நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருந்த கணவரின் கல்லறைக்கு அருகே அவரையும் அடக்கம் செய்தனர்.

நிறைவாக

காதலைப் பாடும் கவிஞர்களாகிய நாம் சந்திப்பையும் பிரிவையும் மிகுதியாகப் பாடுகிறோம். இவற்றுக்கு இடையே நிகழும் நாள்தோறுமான நடையைக் குறைவாகவே பாடுகிறோம். ஒருவர் பல் பிடுங்க மற்றவர் பாத்திரம் ஏந்துவதும், கஞ்சிப் பானையை இருபுறமும் பிடித்துச் செல்வதும் காதற்பாட்டுக்கு ஏற்ற பொருளாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் ஈவிலினை நாற்பத்தைந்து ஆண்டுகள் தனியே மலையேறச் செய்தது பதினாறு ஆண்டுகள் சேர்ந்து நடந்த அந்நடையே என்பதை அவர்தம் வாழ்வு காட்டுகிறது. இருவர் கண்ட கனவை ஒருவர் முடிப்பது ஓர் இல்லறமே. துணை மறைந்த பின்னும் அது கலைவதில்லை.

கொல்லிப்பாவை தன்னைக் கண்டாரை மயக்கிக் கொன்றது என்பது பழங்கதை. அம்மலையில் மற்றொரு பாவையும் இருந்தார். அவர் இரு மூங்கில் கோல்களோடு நடந்து, சாகக் கிடந்தாரைப் பிழைக்க வைத்தார். அடுத்த முறை ஆகாய கங்கையையும் அறப்பளீசுவரர் கோயிலையும் காண மலையேறும் அன்பர்கள், வாழவந்தியில் சற்றே வண்டியை நிறுத்துக. தேனும் பலாவும் வாங்கிக்கொண்டு திரும்புமுன், அருகருகே துயிலும் அவ்விருவரையும் ஒருகணம் எண்ணுக. அவ்வெண்ணத்திலிருந்து ஒரு பாட்டு பிறக்குமாயின், நம் வட்டத்தின் அடுத்த கூட்டம் அதற்குக் காத்திருக்கும்.